நாலு கார்பன் அமிலமும் மூன்று கோடி பாபின்களும்

வெண்ணெயை வெக்கையான அடுப்படியில் நாலு நாள் மறந்துவிட்டால் ஒரு காறல் வாடை கிளம்பும். அது பியூட்டிரிக் அமிலத்தின் வாடை. பால்கொழுப்போடு பிணைந்து கிடக்கும்வரை மூக்குக்கு அகப்படாது. பிணைப்பு அறுந்து வெளியே வந்தால் வீடே அறியும். பெரும்பாலும் அசைபோடும் விலங்குகளின் பாலில்தான் இது உண்டு. பசும்பாலின் கொழுப்பமிலங்களில், எடைக்கணக்கில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இதுதான். ஆகவே 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் ஒவ்வொரு விள்ளலிலும் இது இருக்கிறது, வாடையில்லாமல். நாலே நாலு கார்பன் அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்ணெயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல்.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு இந்த அமிலத்தை உயிரியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1975-இல் அமெரிக்காவில் அயா லீடர், பிலிப் லீடர் என்ற தம்பதி, இரத்தப் புற்றுநோய் கண்ட எலிச் செல்களை வளர்க்கும் கரைசலில் இந்த அமிலத்தின் உப்பு வடிவமான பியூட்டிரேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெருகுவது ஒன்றையே தொழிலாகக் கொண்டிருந்த அந்தச் செல்கள் சில நாள்களில் ஹீமோகுளோபின் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. ஹீமோகுளோபினுக்கான மரபணுவை யாரும் வெளியிலிருந்து செருகவில்லை. அது அந்தச் செல்லுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஊமையாக இருந்தது. ஒரு வெண்ணெய் அமிலம் அதன் வாயை எப்படித் திறந்தது?

விடையின் முதல் பாதி இரண்டு ஆண்டுகளில் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வெர்னன் இங்க்ராமின் ஆய்வகம் 1977-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. (அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது என்று 1957-இல் காட்டியவர் இந்த இங்க்ராம்தான்.) பியூட்டிரேட் பட்ட செல்களில் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் அசிட்டைல் தொகுதிகள் குவிந்துவிடுகின்றன என்றது அந்தக் கட்டுரை. அடுத்த ஆண்டே காரணமும் தெரிந்தது. பியூட்டிரேட் அசிட்டைலை ஏற்றவில்லை. ஏற்றியதை இறக்கும் நொதியைத்தான் அது முடக்கியது.

ஹிஸ்டோன் என்றால் என்ன என்பதை இராஜபாளையத்துக்காரருக்குச் சொல்வது எளிது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை இந்த ஊர் நூல் மில்லோடு வளர்ந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் பேண்டேஜ் துணியாக மாறி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. நூலைச் சுற்றி வைக்காமல் அவிழ்த்துப் போட்டால் என்ன கதி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் உடலின் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்க வேண்டிய உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அது சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தால் ஒரு பாபின். ஒவ்வொரு பாபினிலும் டி.என்.ஏ.வின் 147 எழுத்திணைகள், இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. பிறகு ஒரு சிறு இடைவெளி, அடுத்த பாபின். இப்படி ஒரு செல்லுக்குள் சுமார் 3 கோடி பாபின்கள். இந்த நூலும் பாபினும் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். மில் உவமை இதோடு நிற்கட்டும். ஏனென்றால் மில் பாபினுக்கு வால் கிடையாது, ஹிஸ்டோனுக்கு உண்டு.

எல்லா விஷயமும் அந்த வாலில்தான். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு புரத இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் லைசின் என்ற அமினோ அமிலம் அடிக்கடி வரும். லைசினுக்கு நேர் மின்சுமை; டி.என்.ஏ.வின் முதுகெலும்புக்கு எதிர் மின்சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுற்று இறுகும். இறுகிய இடத்தில் மரபணுவைப் படித்தெடுக்கும் இயந்திரம் நுழைய முடியாது. லைசினின் முனையில் ஓர் அசிட்டைல் தொகுதி வந்து உட்கார்ந்ததும் அந்த நேர் மின்சுமை போய்விடுகிறது; பிடி தளர்கிறது. அசிட்டைல் என்பது இரண்டே கார்பன் கொண்டது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தின் உடன்பிறப்பு.

இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். இராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அஞ்சல்தலை ஏறிய நாட்டு நாய். அதன் வெள்ளை ரோமத்தை வளர்க்கும் செல்லிலும், மோப்பம் பிடிக்கும் மூக்குச் செல்லிலும், ஓட்டத்துக்கான தொடைத் தசையிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்தச் செல் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்பதில்தான் ரோமமும் மூக்கும் தசையும் வேறாகின்றன. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவற்றுள் இந்த அசிட்டைல் முக்கியமானது.

இதை முதலில் ஊகித்தவருக்கு உரிய மரியாதை காலத்தில் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-இலேயே எழுதிவிட்டார்: ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் ஏறுவதும் இறங்குவதும் மரபணு பேசுவதையும் அடங்குவதையும் ஆளக்கூடும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நம்பியவர்கள் சிலரே. ஹிஸ்டோன் வெறும் பொதிகட்டும் சாமான் என்பதுதான் அன்றைய பொது எண்ணம். அசிட்டைலை ஏற்றும் நொதி எது என்று பெயர்சொல்லிக் காட்ட முடியாததும் ஒரு குறை. அது கைக்கு வர 32 ஆண்டுகள் ஆயின.

1980-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் மைக்கேல் கிரன்ஸ்டீன் ஈஸ்டுச் செல்களில் ஹிஸ்டோன் வாலை நறுக்கிப் பார்த்து, வால் போனால் மரபணுக்களின் கட்டுப்பாடு குலைகிறது என்று நிறுவினார். பொதிகட்டும் சாமானுக்கு அந்த வேலை ஏது? ஆனாலும் நொதி கிடைக்கவில்லை. டேவிட் ஆலிஸ் அதைத் தேடியது யாரும் எதிர்பாராத உயிரியில்: குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒருசெல் உயிரி. அதற்கு இரண்டு உட்கருக்கள். பெரியது எப்போதும் வேலை செய்கிறது, சிறியது உறங்குகிறது. பெரிய உட்கருவின் ஹிஸ்டோன்களில் அசிட்டைல் நிறைந்திருக்கும். ஆக, ஏற்றும் நொதி அங்கே இருந்தே தீர வேண்டும். 1996 மார்ச்சில் ஆலிஸ் குழு அதைப் பிரித்தெடுத்து வரிசையைப் படித்தபோது அது ஈஸ்டில் ஏற்கெனவே தெரிந்த ஜி.சி.என்.5 என்ற புரதத்தின் சொந்தம் என்று தெரிந்தது. மரபணுவைத் தூண்டிவிடும் புரதம் என்று அதை மரபியலாளர்கள் முன்பே பட்டியலிட்டிருந்தார்கள். எப்படித் தூண்டுகிறது என்பதுதான் தெரியாமலிருந்தது. சில வாரங்களுக்குள் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு, இறக்கும் நொதியைப் பிடித்தது. அதுவும் ஈஸ்டில் மரபணுவை அடக்கும் புரதமாக அறியப்பட்ட ஒன்றின் சொந்தம். ஏற்றுவது தூண்டுகிறது, இறக்குவது அடக்குகிறது: ஆல்ஃப்ரே சொன்னது அப்படியே. ஆலிஸுக்கும் கிரன்ஸ்டீனுக்கும் 2018-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. இருவரும் இன்று இல்லை.

மின்சுமை கணக்கோடு விஷயம் முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு போயிருக்கும். 1999-இல் மிங்-மிங் ஷோ குழு வேறொன்றைக் காட்டியது. அசிட்டைல் ஏறிய லைசினை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் குழி ஒன்று சில புரதங்களில் இருக்கிறது. புரோமோடொமைன் என்று பெயர். அப்படியானால் அசிட்டைல் பிடியைத் தளர்த்துவதோடு ஆள்களை அழைக்கும் குறியாகவும் இருக்கிறது. எழுதுவோர், அழிப்போர், வாசிப்போர் என்று ஆய்வாளர்கள் இவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பேசுகிறார்கள். குறிகள் நிலையானவையும் அல்ல. பல இடங்களில் சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கிவிடுகின்றன. ஹிஸ்டோனோடும் நிற்கவில்லை. புற்றுநோய் வராமல் காவல் நிற்கும் பி53 புரதமும் அசிட்டைல் ஏற்றப்படுகிறது என்று 1997-இல் வெய் கூ, ராபர்ட் ரோடர் இருவரும் காட்டினார்கள். ஒரு நியாயமான சந்தேகமும் உயிரோடு இருக்கிறது: அசிட்டைல் ஏறுவதால் மரபணு பேசுகிறதா, மரபணு பேசுவதால் அந்த இடத்தில் அசிட்டைல் சேர்கிறதா? இரண்டுமே நடப்பதாகத்தான் தெரிகிறது. எங்கே எது முந்துகிறது என்பதில் சண்டை ஓயவில்லை.

எழுதுவோர் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனித உடலே சான்று வைத்திருக்கிறது. ரூபின்ஸ்டீன், தைபி என்ற இரு மருத்துவர்கள் 1963-இல் விவரித்த பிறவிக் குறைபாடு அது: அகன்ற கட்டைவிரல், தனித்த முகச்சாயல், கற்றலில் சிரமம். 1995-இல் காரணம் தெரிந்தது. சி.பி.பி. என்ற ஏற்றும் நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. மற்றொன்று நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கருவின் வளர்ச்சிக்கு அது போதவில்லை.

இந்த அசிட்டைல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். கட்டுரையை அடுப்படியில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறைப் பதினோராம் வகுப்பில் படித்திருப்பீர்கள். சோறோ கொழுப்போ எரிந்து சக்தியாகும் வழியில் இரண்டு கார்பன் துண்டாக அது உருவாகும். அதே துண்டைத்தான் ஹிஸ்டோன்மேல் ஏற்றும் நொதிகளும் எடுத்துக்கொள்கின்றன. வேறு கையிருப்பு கிடையாது. செல்லில் எரிபொருள் தாராளமாக இருக்கிறதா, பஞ்சமா என்ற செய்தி இந்த வழியாக மரபணுவின் வாசல்வரை போகிறது. 2009-இல் பென்சில்வேனியாவில் கேத்ரின் வெலன் முதலானோர் குளுக்கோஸிலிருந்து ஹிஸ்டோனுக்குப் போகும் இந்தத் தடத்தைத் தெளிவாக வரைந்தார்கள்.

நாலு கார்பன் பியூட்டிரேட்டை இரண்டாக வெட்டினால் இரண்டு அசிட்டைல். பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் தமக்கு வேண்டிய எரிசக்தியில் பெரும்பங்கை இதிலிருந்துதான் எடுக்கின்றன. இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸைவிட இதையே விரும்புகின்றன. ஆனால் அந்த பியூட்டிரேட் பால்கோவாவிலிருந்து வருவதில்லை. பால்கொழுப்பில் உள்ளது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலில் எரிந்துவிடும். பெருங்குடல்வரை போய்ச் சேராது. (பால்கோவாவைப் பால்கோவாவாகவே தின்னுங்கள், அதற்கு மருத்துவச் சிபாரிசு தேவையில்லை.) பெருங்குடலின் பியூட்டிரேட் அங்கேயே தயாராகிறது. நம்மால் செரிக்க முடியாத நாரையும் மாவுச்சத்தையும் அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது அது உண்டாகிறது.

செரிக்காத மாவுச்சத்து என்றதும் இந்தப் பக்கத்தில் பழைய சோறு நினைவுக்கு வராமல் இருக்காது. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் இறுகிப் படிகமாகிவிடுகிறது. நம் நொதிகளால் அதை வெட்ட முடிவதில்லை. அந்த அளவு பெரிதல்ல. மொச்சையும் தட்டைப்பயறும் தோலோடு கூடிய சிறுதானியமும் பெருங்குடலுக்கு இதைவிட அதிகமாகவே கொடுக்கும். ஆனாலும் நீச்சத்தண்ணியில் ஊறிய சோற்றுக்கு ஒரு கூடுதல் உண்டு. இரவெல்லாம் அதில் பெருகிய நுண்ணுயிர்கள்.

செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடலுக்கு அனுப்பி நோயைக் குணமாக்க முடியுமா என்பதை உலகுக்குச் சோதித்துக் காட்டியது தமிழ்நாடுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக வைத்தது. முதல் பிரிவுக்கு வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசல். இரண்டாவதற்கு அதோடு அரிசிமாவு. மூன்றாவதற்கு அதே கரைசலோடு லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு மலம் கட்டியாக ஏறத்தாழ 91 மணி நேரம் ஆனது. மூன்றாம் பிரிவுக்கு 57 மணி நேரம். 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான முடிவு இது. இங்கே கவனம் தேவை. காலராவில் பலன் தந்தது குரோமாட்டின் வழி அல்ல. பியூட்டிரேட்டும் அதன் பங்காளி அமிலங்களும் பெருங்குடலை உப்பையும் நீரையும் உறிஞ்ச வைத்தன. வேலூர் ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: வாயில் போட்ட மாவு பெருங்குடலில் போய் வேலை செய்யும்.

மரபணுவரை போகும் வழியைக் காட்டியவை பின்னால் வந்த ஆய்வுகள். 2012-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்காட் பல்ட்மன் குழு ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. பியூட்டிரேட் நல்ல குடல் செல்லை வளர்க்கிறது, புற்றுச் செல்லை நிறுத்துகிறது; ஒரே அமிலம், இரண்டு குணம். நல்ல செல் அதை எரித்துவிடுகிறது. கிடைத்த அசிட்டைல் துண்டுகள் ஹிஸ்டோன் ஏற்றும் நொதிகளுக்குப் போகின்றன. புற்றுச் செல்லோ குளுக்கோஸையே தின்று வாழ்வது. பியூட்டிரேட் எரியாமல் உட்கருவில் தேங்கி, இறக்கும் நொதிகளை முடக்குகிறது. இரண்டிலும் ஹிஸ்டோனில் அசிட்டைல் கூடுகிறது. ஆனால் வெவ்வேறு வழியில், வெவ்வேறு மரபணுக்களின்மேல். அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மூன்று குழுக்கள் எலிகளில் இன்னொன்றைக் கண்டன: குடல் பாக்டீரியா தரும் இத்தகைய அமிலங்கள், அழற்சியை அடக்கும் ஒரு வகை வெள்ளணுவைப் பெருக்குகின்றன. அவற்றில் இரண்டு குழுக்கள், பியூட்டிரேட் அந்த வெள்ளணுவின் தலைமை மரபணுவான ஃபாக்ஸ்பி3-இன் ஹிஸ்டோன்களில் அசிட்டைலைக் கூட்டுவதையும் கண்டன.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோறு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது இந்தப் பின்னணியில்தான். டாக்டர் எஸ். ஜேஸ்வந்த் தலைமையிலான குடல் அறுவைச் சிகிச்சைத் துறை, தீராத குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு என்ன செய்கிறது என்று ஆராய மாநில அரசு 2021-இல் நிதி கொடுத்தது. நம் ஊர் உணவை நம் ஊர் நோயாளிகளிடம், ஒப்பீட்டுப் பிரிவு வைத்து அளந்து பார்ப்பது. இதைத்தான் வெகுநாளாகச் செய்திருக்க வேண்டும். மாறாக, பழைய சோற்றின் மகிமையை வாட்ஸ்அப்பில் பரப்புவதில் நாம் திருப்தி அடைந்துவிட்டோம்.

மஞ்சளின் கதை இதற்கு நல்ல எச்சரிக்கை. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் தபஸ் குண்டுவின் ஆய்வகம், அசிட்டைலை ஏற்றும் பி300 என்ற நொதியைத் தடுக்கும் பொருள்களை இந்தியச் சமையலறையிலும் தோட்டத்திலும் தேடியது. 2003-இல் முந்திரித் தோட்டு எண்ணெயின் அனகார்டிக் அமிலம். 2004-இல் கோகம் பழத்தின் கார்சினால். அதே ஆண்டு மஞ்சளின் குர்குமின். சோதனைக் குழாயிலும் வளர்ப்புச் செல்களிலும் நடந்த தரமான, உலகம் மேற்கோள் காட்டும் வேலை. ஆனால் சோதனைக் குழாய்க்கும் தொண்டைக்கும் நடுவே நீண்ட தூரம். குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, விரைவில் சிதைகிறது, எந்தச் சோதனையில் போட்டாலும் பலன் இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும் குணமும் உண்டு. மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் அதுவரையான சான்றுகளை அலசி, முறையான மருத்துவ ஆய்வுகளில் அது தேறவில்லை என்று எழுதினார்கள். “உங்கள் மரபணுவை மாற்றி எழுதும்” என்று டப்பாவில் அச்சடித்து மஞ்சள் மாத்திரை விற்கிறவர்கள் குண்டுவின் கட்டுரையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டவர்கள்.

மருந்தாக ஆனவை வேறு. லீடர் தம்பதி பயன்படுத்திய அந்த எலிச் செல்களை உருவாக்கியவர் சார்லட் ஃபிரெண்ட். டி.எம்.எஸ்.ஓ. என்ற சாதாரணக் கரைப்பானும் அவற்றை ஹீமோகுளோபின் தயாரிக்க வைக்கிறது என்று 1971-இலேயே கவனித்தவர் அவர். அதில் ஆர்வம் கொண்ட பால் மார்க்ஸும் ரொனால்ட் பிரெஸ்லோவும் அதைவிட வீரியமான மூலக்கூறுகளைப் பல ஆண்டுகள் கட்டிக்கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கிடைத்த வோரினோஸ்டாட், இறக்கும் நொதிகளின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தோலில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுக்கு 2006 அக்டோபரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தொடர்ந்து வேறு சில புற்றுநோய் மருந்துகள். 2024-இல் கிவினோஸ்டாட், சிறுவர்களை முடக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோய்க்கு. குணப்படுத்த அல்ல, சரிவை மெதுவாக்க.

இந்த வகை மருந்து ஒன்று இராஜபாளையம் மருந்துக்கடைகளில் நெடுங்காலமாகவே இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரப்படும் வால்புரோயேட். பியூட்டிரேட்டின் பங்காளி வீட்டுக் கொழுப்பமிலம்தான் இதுவும். 1960-களில் இருந்து புழக்கத்தில் உள்ள இந்த மருந்து இறக்கும் நொதிகளை முடக்குகிறது என்பது 2001-இல்தான் தெரிந்தது. கருவுற்ற காலத்தில் உட்கொண்டால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவதும் அதில் உண்டு. மரபணுக்கள் குறித்த நாளில் திறந்து குறித்த நாளில் மூட வேண்டிய கருவின் முதல் வாரங்களில், மூடும் நொதியை முடக்குவதன் விலை அது என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கர்ப்பம் தெரிய வரும்போது அந்த வாரங்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே இந்த மாத்திரை எடுக்கும் பெண்கள் மருத்துவரிடம் பேச வேண்டியது கல்யாணப் பேச்சு எடுக்கும் காலத்திலேயே: வேறு மருந்துக்கு மாற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா, ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்று. தானாக நிறுத்தவும் கூடாது. திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.